மேஜர் சாப் போகாத மேடு

1. கை தூரம்

நான் பட்டாளத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவன். கையில் துப்பாக்கியும் இருந்தது என்றாலும், முதுகில் இருந்த செட்டுக்குத்தான் எனக்குச் சம்பளம். இப்போது திருத்தணி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆள் எடுப்புக்குப் போகிற பையன்கள் சர்டிபிகேட் நகல் எடுக்க வருவார்கள். சுவரில் இருக்கும் என் யூனிபார்ம் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க எத்தினி பேர சுட்டீங்க?" என்று கேட்பார்கள். நகலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். அந்தக் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

சமீபத்தில் ஒரு பெண் வந்தாள். போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவள். அவள் வேறு மாதிரி கேட்டாள். "சண்டைன்னு வந்தா யாரு முன்னால போவணும்னு எப்படிங்க முடிவு பண்ணுவாங்க? சீனியாரிட்டியா, இல்ல தெகிரியமா?" கடையில் கூட்டம். "அப்புறம் சொல்றேம்மா" என்றேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி கமாண்டர் மேஜர் சிவசங்கரன். கோயம்புத்தூர்க்காரர். ஒரு கம்பெனி என்றால் நூறு பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் அவர் 'மேஜர் சாப்'. பட்டாளத்தில் சாப் என்றால் ஐயா. அவருடைய ஆபரேட்டராக என்னைப் போட்ட முதல் நாள், செட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அவர் பின்னாலேயே ஓடச் சொன்னார். நான் ஓடினேன். திடீரென்று நின்று கையைப் பின்னால் நீட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரத்தினம், கை எதுக்கு நீட்டியிருக்கேன்? பிச்சையா கேக்கறேன்?"

"தெர்ல சாப்."

"நான் கை நீட்டினா ஹேண்ட்செட் கையில இருக்கணும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன். உனக்கும் எனக்கும் ஒரு கை தூரம்தான். நான் ஓடினாலும் சரி, குழியில விழுந்தாலும் சரி."

அதன் பிறகு பல வருஷம் அந்தக் கை பின்னால் நீண்டது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத ஆளாக ஒருவன் இருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை என்று ஒரு தடவை வாய் தவறி வீட்டில் சொல்லி, இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு கிடைக்கவில்லை.

2. பேப்பர் ஒன்று, மலை ஒன்று

யாரை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பதைக் கீழே இருந்து பார்த்தவரைக்கும் சொல்கிறேன். மேலே இருந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

சமாதான காலத்தில் எல்லாம் பேப்பர்தான். எத்தனை வருஷம் சர்வீஸ், என்னென்ன கோர்ஸ் முடித்தார், மேலதிகாரி வருஷா வருஷம் என்ன எழுதினார், உடம்பு எந்தக் கேட்டகரி. தில்லியில் ஒரு போர்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து, இவர் பட்டாலியனைப் பார்த்துக்கொள்ளட்டும், இவர் ஆபீசில் இருக்கட்டும் என்று முடிவு செய்யும். ஜெனரல்வரைக்கும் இதே கதைதான். பிறகு ஒரு நாள் போர் வந்துவிடும். அன்றைக்கு எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அவர்தான் அந்தப் பகுதிக்குத் தளபதி. போருக்காகத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நடப்பது குறைவு. சண்டை தொடங்கிய பிறகு சரிப்பட்டு வராதவரை மாற்றுவார்கள். அதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எந்த மேட்டுக்கு யார் முன்னால் போவது என்பதைத் தில்லியில் தீர்மானிக்க முடியாது. அது எங்கள் சி.ஓ. கையில் இருந்தது. சி.ஓ. என்றால் பட்டாலியனுக்குத் தலைவர். எங்களுக்கு அவர் கர்னல் சாப், செட்டில் அவர் பெயர் டைகர். வடக்கத்திக்காரர். தெற்கத்திப் பட்டாலியனுக்கு வந்ததால் தமிழ் கற்றுக்கொண்டு, இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பேசுவார்.

எங்களுக்கு விழுந்த மேடு வடக்கே பனி மலையில் இருந்தது. பெயர் வேண்டாம். அந்த மேட்டின் உச்சியில் எதிரி உட்கார்ந்திருந்தான். கீழே ரோடு முழுவதும் அவன் கண்ணில் பட்டது. மேஜர் சாப் வாரக் கணக்கில் ரோந்து போய், பாறை பாறையாக அதற்கு வழி பார்த்து வைத்திருந்தார். பைனாக்குலர் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உச்சியைப் பார்ப்பார்.

"ரத்தினம், அந்த மலை முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்னு நினைக்கறே?"

"இன்னொரு மலை இருக்கும் சாப்."

"மடையா. பள்ளத்தாக்கு இருக்கணும். மேப்ல ஆறு போகுது. மேல ஏறினதும் முதல்ல அதைத்தான் பாக்கணும்."

வழி பார்த்தவன்தான் முன்னால் போவான் என்பது எங்கள் பட்டாலியன் வழக்கம். அதனால் முன்னால் போவது எங்கள் கம்பெனி, எங்களுக்கு முன்னால் மேஜர் சாப். இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. சமையல்காரன்கூட, ஏறப்போகிறவர்கள் என்று எங்களுக்குத்தான் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டான்.

3. வெயிட் அவுட்

உயரமான இடத்தில் காற்று மெலிந்திருக்கும். பத்து அடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். பழகப் பழகச் சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஒரே நாளில் ஆள் போய்விடுவதும் உண்டு. இதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தம் இல்லை, வயசுக்கும் இல்லை. மலை சிலரை ஏற்றுக்கொள்ளாது, அவ்வளவுதான்.

மேஜர் சாப்புக்கு ஒரு வறட்டு இருமல் வந்தது. ஏறும்போது வரும், இறங்கினால் போய்விடும். டாக்டரிடம் போகவில்லை. தாக்குதலுக்கு முன்னால் உடம்பு சரியில்லை என்று போய் நின்ற ஆபீசரை நான் பார்த்ததே இல்லை. உயிரே போனாலும் "ஃபிட்" என்பார்கள். அதனால்தான் எங்கள் கர்னல் சாப் யாரையும் "உடம்பு எப்படி?" என்று கேட்க மாட்டார்.

அவர் வேறு ஒன்று செய்வார். கம்பெனிகள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது செட்டில் கூப்பிடுவார். கமாண்டரைக் கொடு என்பார். கேட்பது ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கும். "அந்தப் பக்கம் வெயில் எப்படி?" "ஆளுக்கு டீ குடிச்சாச்சா?" எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மனுஷனுக்குப் பொழுது போகவில்லை என்று ஆபரேட்டர்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

ஆபரேட்டர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கமாண்டர் பேசமுடியாத நிலையில் இருந்தால், "வெயிட் அவுட்" என்போம். கொஞ்சம் பொறு, நானே கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். மேஜர் சாப் ஒரு பாறையில் சாய்ந்து இருமிக்கொண்டிருக்கும்போது டைகர் கூப்பிட்டது. கை பின்னால் நீண்டது. நான் ஹேண்ட்செட்டைக் கொடுக்கவில்லை.

"டைகர், வெயிட் அவுட்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. ஆனால் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். இருமல் அடங்கியதும் மறுபடி நீட்டினார். அப்போது கொடுத்தேன். கணீரென்று பேசினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கப்புறம் மேலே ஏறும்போதெல்லாம் அப்படியே செய்தேன். அது என் வேலை. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

4. மணலில் செய்த மலை

தாக்குதலுக்கு முந்தின நாள் காலை ஓ குரூப் கூடியது. சி.ஓ. உத்தரவு கொடுக்கிற கூட்டத்துக்கு அந்தப் பெயர். தரையில் மணலைக் குவித்து அந்த மேட்டை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். பனிக்குச் சுண்ணாம்புத் தூள், வழிக்கு நூல். நூல் கட்டியதே மேஜர் சாப்தான். கமாண்டர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர்கள் பின்னால் நின்றோம்.

கர்னல் சாப் குச்சியை எடுத்தார். வானிலை சொன்னார். நாளை மத்தியானம் மேகம் இறங்கும், அந்த மேகத்துக்குள் ஏறப்போகிறோம், மேலே இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது என்றார். பிறகு குச்சியை நூல் மேல் வைத்தார்.

"இந்த வழி மேஜர் குரியன் போகும். சிவசங்கரன் கீழே இங்கே உட்காரும். ஃபயர் சப்போர்ட்."

ஃபயர் சப்போர்ட் என்றால் ஏறுகிறவர்களுக்குத் துணையாகக் கீழே இருந்து சுடுகிற வேலை. மேஜர் குரியன் அடுத்த கம்பெனி கமாண்டர். மலையாளி. நல்ல மனுஷர், ஆடு மாதிரி மலை ஏறுவார். ஆனால் அந்த வழியை அவர் ஒரு நாள்கூட நடந்ததில்லை. அவரே அதிர்ந்துபோய் எங்கள் மேஜர் சாப்பைப் பார்த்தார்.

மேஜர் சாப் எழுந்தார். "சார், அது நான் பார்த்த வழி."

"தெரியும்."

"என் கம்பெனிக்கு ஒவ்வொரு பாறையும் தெரியும் சார்."

"தெரியும். உன் மூச்சுக்குத் தெரியாது."

கர்னல் சாப் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் மேப் பார்த்தா ஆள் எப்படின்னு தெரியாது. மூச்சு கேட்டா தெரியும். அதுக்குத்தான் டீ கேக்கறேன், வெயில் கேக்கறேன். எல்லா கமாண்டரும் மேலே ஏறும்போது மூச்சு வாங்கிகிட்டே பதில் சொல்லும். சிவசங்கரன் மட்டும் ஒரு தடவைகூட மூச்சு வாங்கல. ஏன்? அவன் ஆபரேட்டர் ஒவ்வொரு தடவையும் வெயிட் சொல்லுது. அப்பவே நான் புரிஞ்சுகிட்டேன்."

எனக்கு அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மறைப்பேதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் மேஜர் சாப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நின்றேன்.

"செட்ட குரியன்கிட்ட கொண்டு போ" என்றார்.

"நான் உங்ககூடவே கீழ இருக்கறேன் சாப். அவருக்கு ஆபரேட்டர் இருக்கறான்."

"குரியனுக்கு மூச்சு இருக்கு, வழி தெரியாது. உனக்கு வழி தெரியும். போ."

"சாப், நா அவுரு பின்னால போவ மாட்டேன்."

"ரத்தினம், இது நீ சொல்ற விஷயம் இல்ல. நான் சொல்றதும் இல்ல." அவ்வளவு சொன்னதற்கே, மலை ஏறாமலே, இருமல் வந்துவிட்டது. அந்த இருமலுக்கு முன்னால் எனக்கு எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. போனேன்.

5. மேகத்துக்குள்

மேகம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. ஏறினோம். மேஜர் குரியன் முன்னால், நான் ஒரு கை தூரத்தில். ஹேண்ட்செட் வேண்டுமென்றால் அவர் நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்குவார். மரியாதையான மனுஷர். ஒவ்வொரு தடவை அவர் திரும்பும்போதும், பின்னால் நீளும் அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பாதி வழியில் ஒரு நாலா வரும். நாலா என்றால் தண்ணீர் ஓடி அறுத்த பள்ளம். அது இரண்டாகப் பிரியும். மணலில் பார்க்கும்போது தெளிவாக இருந்தது. மேகத்துக்குள் எது நாலா, எது வெறும் பிளவு என்றே தெரியவில்லை. நான் வலது என்றேன். குரியன் சாப் ஹேண்ட்செட்டை வாங்கி, கீழே இன்னொரு செட்டில் இருந்த மேஜர் சாப்பிடம் கேட்டார். கீழே இருந்து குரல் வந்தது. இருமல் இல்லை, இழுப்பு இல்லை. கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"கையை நீட்டி வலப்பக்கப் பாறையைத் தொடு. சில்லுனு ஈரமா இருந்தா சரியான வழி. காஞ்சிருந்தா திரும்பு."

குரியன் சாப் கையை நீட்டித் தொட்டார். ஈரமாக இருந்தது.

அதற்கு மேல் நடந்ததை நான் விவரமாக எழுதப்போவதில்லை. மேட்டைப் பிடித்தோம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டார் யாராவது இதைப் படிக்கக்கூடும், அதனால் இவ்வளவு போதும். குரியன் சாப்புக்கு மெடல் கிடைத்தது. கொடுத்தது நியாயம். அவர் இல்லாவிட்டால் இன்னும் பல பேர் போயிருப்போம். மேஜர் சாப்பை அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட்டார்கள். நெஞ்சில் நீர் என்றார்கள். பிறகு அவர் மலைப் பக்கமே போகவில்லை. ஒரு பதவி உயர்ந்து ரிடையர் ஆனார். எனக்கு அவர் 'மேஜர் சாப்'தான்.

6. சஷ்டிக்கு வந்தவர்

போன வருஷம் கந்த சஷ்டி சமயத்தில் போன் வந்தது. "ரத்தினம், சென்னையில பொண்ணு வீட்டுல இருக்கேன். ஆறாம் நாள் உங்க ஊருக்கு வரலாமா? முருகன் சண்டையைப் பாக்கணும்."

மின்சார ரயிலில் வந்து இறங்கினார். அரக்கோணம்வரைக்கும் நின்றுகொண்டே வந்தாராம். எழுபதைத் தாண்டிவிட்டார். ஆள் இளைத்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. ஸ்டேஷனில் பார்த்ததும் எனக்கு சல்யூட் அடிக்கத் தோன்றியது. அடித்தேன். பூ விற்கிற பெண்மணி சிரித்தாள். சிரிக்கட்டும்.

என் மனைவி பொதட்டூர்பேட்டைக்காரி. அவள் அப்பா நெய்த லுங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்து, சாப்பாடு போட்டாள். சாப்பிடும்போது அவர், சூரசம்ஹாரம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று விசாரித்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்க ஊர்ல அது கெடையாதுங்க" என்றாள் என் மனைவி. "சாமி சண்டயெல்லாம் முடிச்சிகினு, கோவம் தணிஞ்சி வந்து உக்காந்த எடம்ங்க இது. மத்த ஊர்ல சூரன வதைக்கறப்போ, இங்க பூவு போட்டு கும்புடுவாங்க. அவ்ளோதாங்க."

மேஜர் சாப் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப இங்கயும் எனக்குச் சண்டை இல்லையா ரத்தினம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் மனைவி ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ஆட்டோவில் ரோடு வழியாக மலைக்குப் போனோம். கூடை கூடையாகப் பூ போய்க்கொண்டிருந்தது. என் மனைவி வரிசையில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கீழே ஊர், ரயில் ரோடு, தூரத்தில் ஆந்திரா மலைகள். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார். "குரியன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன தெரிஞ்சுது? ஆறு தெரிஞ்சுதா?"

இத்தனை வருஷம் கழித்து ரயிலில் நின்றுகொண்டு வந்தது இதற்காகத்தானா என்று நினைத்தேன். ஆறு தெரிந்தது என்று சொல்லிவிடலாம். நீலமாக, வளைந்து வளைந்து போனது என்று அளக்கலாம். அவரிடம் எனக்குப் பொய் வராது.

"ஒண்ணுமே தெர்ல சாப். மேகம். நாங்க மேல இருந்த ரெண்டு நாளும் மூடிகினேதான் இருந்துச்சி. அப்புறம் வேற பட்டாலியன் வந்துச்சி, நாங்க எறங்கிட்டோம்."

"குரியனும் பாக்கலையா?"

"இல்ல சாப்."

"அப்ப யாருமே பாக்கலையா?"

"யாருமே பாக்கல சாப்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே நாதஸ்வரம் தொடங்கியது. பூ வாசனை நாங்கள் உட்கார்ந்திருந்த கல்வரைக்கும் வந்தது.

"கர்னல் சாப் பண்ணினது சரிதான்" என்றார். "நான் போயிருந்தா அந்த நாலாவுலயே விழுந்திருப்பேன். என்னை இறக்க நாலு பேர் வேணும். அந்த நாலு பேர் மேல தேவைப்பட்டாங்க. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுட்டா ஆசை போயிடுமா?"

"போவாது சாப்."

"நீ குரியன் பின்னால ஏறும்போது என்ன நினைச்சே?"

"முன்னால நீங்க இல்லியேன்னு நெனச்சிகினேதான் ஏறினேன் சாப்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என் மனைவி பிரசாதம் கொண்டு வந்தாள். கடைசி ரயிலுக்கு முந்தின ரயிலில் அவரை ஏற்றிவிட்டேன்.

இப்போது அந்தப் பெண் கேட்டதற்கு வருகிறேன். சீனியாரிட்டியும் பார்ப்பார்கள், தைரியமும் பார்ப்பார்கள். ஆனால் கடைசியில், அன்றைய தினம் அந்த மலைக்கு யாருடைய நெஞ்சும் காலும் தாங்கும் என்று பார்க்கிறவர்தான் நல்ல தளபதி. அவர் யாருடைய ஆசையையும் பார்க்கக் கூடாது. எங்கள் கர்னல் சாப் பார்க்கவில்லை. அதனால்தான் நான் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன்.

ஆனாலும் நாளைக்கே அந்த மேட்டுக்கு மறுபடி போகச் சொல்லி, யார் பின்னால் போகிறாய் என்று என்னைக் கேட்டால், மேஜர் சிவசங்கரன் பின்னால்தான் போவேன். பாதியில் அவர் விழுந்தால் செட்டைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொள்வேன். எங்களைப் போன்றவர்களைக் கேட்டு யாரும் தளபதியை முடிவு செய்யாததற்கு அதுதான் காரணம்.